கானாவில் தடுப்பூசிக்குப் பணம் எப்போது வந்தது?

ஒரு நாட்டின் குழந்தைத் தடுப்பூசிச் சேவைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று ஆராய வருபவர்கள் முதலில் தேடுவது, அந்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென்று தனித் தலைப்பு இருக்கிறதா என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நாடுகளிடமிருந்து ஆண்டுதோறும் வாங்கும் கூட்டு அறிக்கைப் படிவத்திலும் இந்தக் கேள்வி நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. ‘ஆம்’ என்று பதில் வந்தால் மதிப்பீட்டு அட்டவணையில் ஒரு கட்டம் பச்சையாகிவிடும். கானாவில் சுகாதாரப் பொருளியல் ஆலோசகராக வேலை பார்த்த காலத்தில் அந்தப் பச்சைக் கட்டத்தின் மீது எனக்கிருந்த மதிப்பு படிப்படியாகக் குறைந்தது. தலைப்பு இருந்தது, அதற்கு நேராகத் தொகையும் இருந்தது. ஆனால் அந்தத் தொகை எந்த மாதத்தில், எந்த நாணயத்தில், யாருடைய கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் மதிப்பீடு என்று சொல்லத்தக்க வேலை எதுவும் நடந்தது.

கானாவின் தடுப்பூசித் திட்டம் பலவீனமானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1978-இல் தொடங்கிய திட்டம் அது. 2002-இல் ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், 2012-இல் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பூசிகள் இரண்டும் ஒரே நேரத்திலும் அங்கே அறிமுகமாயின. ஆப்பிரிக்காவில் இப்படி இரண்டையும் சேர்த்துத் தொடங்கிய முதல் நாடு கானாதான். மலேரியாத் தடுப்பூசியை 2019-இல் சோதனை முறையில் வழங்கத் தொடங்கிய மூன்று நாடுகளிலும் கென்யா, மலாவியுடன் கானா இருந்தது. 2003-க்குப் பிறகு தட்டம்மையால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சுகாதார அமைச்சகம் பல ஆண்டுகள் பெருமையுடன் சொல்லி வந்தது. ஊசி போடத் தெரிந்த செவிலியர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரும் இருக்கிற நாட்டில் நிதி ஒன்று மட்டும் தடுமாறினால் என்ன ஆகும் என்பதைக் கலப்பின்றிப் பார்க்க முடிந்தது. எல்லாமே நொடிந்துபோன ஒரு நாட்டில் இந்தக் காரணத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுத்திருக்க முடியாது.

பணம் வரும் வழிகளை வரைந்து பார்த்தபோது அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை முதலிய பழைய தடுப்பூசிகள் பெரும்பாலும் அரசின் சொந்தச் செலவு. புதிய, விலை கூடிய தடுப்பூசிகளுக்கு, ஏழை நாடுகள் தடுப்பூசி வாங்க உதவும் கேவி என்ற சர்வதேசக் கூட்டமைப்பு பெரும்பகுதியைக் கொடுக்க, அரசு தன் பங்காக இணைநிதி செலுத்தும். செவிலியர் சம்பளம் தேசியச் சம்பளப்பட்டியலில் இருந்து வரும். இவற்றுக்கிடையே தேசிய சுகாதாரக் காப்பீட்டு நிதியும் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நிதிக்கு, பொருள்கள் மீதும் சேவைகள் மீதும் 2.5 சதவீதச் சிறப்பு வரி வசூலிக்கப்படுகிறது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. இதிலிருந்து எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒரு பங்கீட்டுச் சூத்திரமாக அங்கீகரிக்கும். தடுப்பூசிக்கும் அதில் இடம் உண்டு. காகிதத்தில் இதைவிட உறுதியான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்றே எனக்கும் தோன்றியது. ஆனால் 2017-இல், தனி நோக்கத்துக்கென ஒதுக்கப்படும் நிதிகள் அனைத்தும் சேர்ந்து வரி வருவாயில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. மக்கள் காப்பீட்டுக்கென்று செலுத்திய வரியின் ஒரு பகுதி அதன்பின் காப்பீட்டு நிதிக்குப் போகாமல் பொதுக் கருவூலத்திலேயே தங்கியது. காப்பீட்டு நிதிக்கான அந்த உச்சவரம்பு 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் நீக்கப்பட்டது.

இந்த வழிகளையெல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவர, 2011-ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கு முறை என்ற சர்வதேச வகைப்பாடு இருக்கிறது. பணம் யாரிடமிருந்து வந்தது, அதை யார் நிர்வகித்தார்கள், யார் சேவை அளித்தார்கள், எதற்காகச் செலவாயிற்று என்று ஒவ்வொரு செலவையும் நான்கு முறை கேட்கும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் அது ஆண்டு முடிந்த பிறகு அந்த ஆண்டு முழுவதையும் ஒரே எண்ணாகக் காட்டும். பிப்ரவரியில் வராத பணம் டிசம்பரில் வந்தாலும் அந்தக் கணக்கில் வந்ததுதான். ஒன்பது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டிய குழந்தைக்கு அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

ஆகவே நான் மூன்று பத்திகள் கொண்ட ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகங்களுக்குப் போகத் தொடங்கினேன்: ஒதுக்கியது, விடுவித்தது, கொள்முதல் கணக்கில் டாலராகச் சேர்ந்தது. முதல் பத்திக்கான விவரம் அச்சிட்ட புத்தகத்திலேயே கிடைத்தது. இரண்டாவதற்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு உரியவர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கவில்லை. ஒருவரிடம் கானாவின் நாணயமான ‘செடி’யில் கணக்கு இருந்தது, இன்னொருவரிடம் டாலர் கணக்கு இருந்தது, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் எனக்குக் காட்டப்பட்ட பேரேட்டில் விடுவிப்புத் தேதிகள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது, தேதி அடிக்கடி மாறும் என்பதால் அப்படி எழுதுவது வசதி என்று எழுத்தர் மிக இயல்பாகச் சொன்னார். நான் அங்கே படித்த அறிக்கைகள் பலவற்றையும்விட அந்தப் பேரேடு நேர்மையான ஆவணம் என்று எனக்குப் பட்டது.

தேதி இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் கொள்முதல் முறை. கானா போன்ற நாடுகள் தடுப்பூசியைப் பெரும்பாலும் கோபன்ஹேகனில் உள்ள யுனிசெஃபின் கொள்முதல் பிரிவு வழியாக வாங்குகின்றன. மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு, தரம் உறுதி. புனேயிலுள்ள தடுப்பூசி உற்பத்தியாளரான சீரம் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டிகளை மேற்கு ஆப்பிரிக்கக் குளிர்கிடங்கில் பார்க்கும்போது ஊர்ப் பாசம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அது இருக்கட்டும். அந்த வழியில் முன்பணம் வந்து சேர்ந்த பிறகே கொள்முதல் ஆணை போகும் என்பது பொது விதி. ஆணை போய், உற்பத்தியாளர் ஒதுக்கி, விமானத்தில் ஏறி, தலைநகர் அக்ராவின் மத்தியக் குளிர்கிடங்குக்கு வந்து, அங்கிருந்து பிராந்தியம், மாவட்டம் என்று இறங்கச் சில மாதங்கள் ஆகும். நிதியமைச்சகத்தைப் பொறுத்தவரை ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆனால் ஜூலையில் போட வேண்டிய ஊசிக்கான பணம் ஜூலையில் வந்தால் அது காலம் கடந்த பணம்.

2022-இல் இந்த ஏற்பாடு முறிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 6 செடி என்ற அளவில் இருந்த மாற்று விகிதம் நவம்பரில் 13-ஐத் தாண்டியது. செடியில் ஒதுக்கிய தொகை அப்படியே முழுவதும் விடுவிக்கப்பட்டிருந்தாலும்கூட அதைக் கொண்டு வாங்கக்கூடிய குப்பிகள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. அதே மாதம் அரசு வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா, போலியோ சொட்டு மருந்து ஆகியவை நாட்டின் பல பகுதிகளில் தீர்ந்துபோயின. குழந்தை மருத்துவர்கள் பகிரங்கமாக எச்சரித்தார்கள். வடக்குப் பிராந்தியத்தில் நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டது. புதிதாக வாங்கிய தடுப்பூசிகள் 2023 மார்ச்சில் வந்திறங்கத் தொடங்கின.

தீர்ந்துபோன மூன்றின் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மதிப்பீட்டின் மையமாக ஆன விஷயம் பிடிபட்டது. அவை விலை உயர்ந்தவை அல்ல. நாட்டின் தடுப்பூசிப் பட்டியலிலேயே மிக மலிவானவற்றுள் சேர்பவை. பிசிஜி ஒரு டோஸின் விலை ஒரு டாலரில் சிறு பங்குதான். நிமோகாக்கல் ஒரு டோஸ் சில டாலர்கள். பணத் தட்டுப்பாடு என்றால் விலை கூடியது முதலில் நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. இணைநிதி கட்ட வேண்டிய தடுப்பூசிகளுக்குக் கேவியின் விதி ஒன்று இருக்கிறது: ஆண்டு முடிவதற்குள் கட்டாவிட்டால் நாடு நிலுவைப் பட்டியலில் ஏறும், அது கேவியின் நிர்வாகக் குழு வரை போகும், புதிய உதவிகள் தடைபடும். அமைச்சர்களுக்குக் கடிதம் வரும். முழுவதும் அரசே வாங்க வேண்டிய மலிவான தடுப்பூசிக்கு அப்படி எந்த நிலுவைப் பட்டியலும் இல்லை, கடிதம் எழுத ஆளும் இல்லை. இரண்டு கடன்காரர்களில் வாசலில் வந்து நிற்பவருக்குத்தான் முதலில் கொடுப்போம் என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்கு.

இதைக் கேவியின் மீதான குறையாகச் சொல்லவில்லை. அதன் விதி கண்டிப்பாக இருப்பதால்தான் ஏழை நாடுகள் பலவும் இணைநிதியைப் பெரும்பாலும் கட்டிவிடுகின்றன. ஆனால் ‘சொந்தக் காலில் நிற்பது’ என்று நன்கொடையாளர் அறிக்கைகள் பாராட்டும் பகுதியே, அதாவது ஒரு நாடு யாருடைய உதவியுமின்றித் தானே வாங்கும் தடுப்பூசிகளே, காவலின்றி விடப்பட்ட பகுதியாகவும் இருந்தது என்பதை என் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். முதல் வரைவைப் படித்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாடு கேவி உதவியிலிருந்து ‘பட்டம் பெற்று’ வெளியேறப்போகும் வேளையில் இப்படி எழுதுவது ஊக்கத்தைக் கெடுக்கும் என்றார்கள். வாக்கியத்தை மென்மையாக்கச் சம்மதித்தேன், நீக்கச் சம்மதிக்கவில்லை.

இதற்கு மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. யுனிசெஃபிடம் 1991 முதல் ஒரு சுழல்நிதி இருக்கிறது. நாட்டின் பணம் வரும் முன்பே ஆணையை அனுப்பிவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ள அது உதவும். அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு 1979 முதலே இதைப்போன்ற நிதி இருக்கிறது. தடுப்பூசி வந்த பிறகு 60 நாட்களுக்குள் பணம் கட்டினால் போதும். ஆனால் சுழல்நிதி கால தாமதத்தைத்தான் நிரப்பும். நாணய மதிப்பு பாதியாக விழுந்த பள்ளத்தை நிரப்பாது. அந்த வேறுபாட்டைக் கூட்டங்களில் பலர் கவனிக்காமல் கடந்துபோனார்கள்.

தடுப்பூசியின் விலை பாதிக் கதைதான். மீதிக் கதை கிராமத்தில் இருக்கிறது. 1994-இல் நாட்டின் வடக்கிலுள்ள நவ்ரோங்கோ பகுதியில் நடந்த பரிசோதனையிலிருந்து வளர்ந்தது, சமூகச் செவிலியர் ஊரிலேயே தங்கிச் சேவை செய்யும் சிறு சுகாதார மையங்களின் முறை. அங்கே தாய்மார் தடுப்பூசி நாளை ‘வெயிங்’ என்றுதான் சொல்வார்கள். எடை பார்ப்பது, ஊசி போடுவது, அறிவுரை சொல்வது எல்லாம் ஒரே வரிசையில் நடக்கும். அந்தக் காலைப்பொழுதில் செவிலியரின் சம்பளத்தில் எத்தனை பங்கு தடுப்பூசிக்கு என்று கணக்கிடுவது என் வேலை. செவிலியர்களிடம் கேட்டால் ‘எல்லாமே அதற்குத்தான்’ என்பார்கள். நின்று பார்த்தால் பாதி நேரம் பதிவேடு எழுதுவதில் போகும். 2011-ஆம் ஆண்டை ஒட்டி கானா, பெனின், உகாண்டா, ஜாம்பியா, மால்டோவா, ஹோண்டுராஸ் ஆகிய ஆறு நாடுகளில் ஒரே முறையில் நடந்த செலவு ஆய்வும் சம்பளமும் தடுப்பூசியுமே பெரும் செலவுகள் என்று காட்டியது. அதில் எனக்கு வியப்பில்லை. சம்பளம் ஒவ்வொரு மாதமும் வந்துவிடுகிறது, தடுப்பூசியும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வைக்கும் மோட்டார் சைக்கிள் பெட்ரோலுக்குப் பணம் வருவதில்லை என்பதுதான் நான் போன இடங்களிலெல்லாம் கேட்ட புகார். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு அது. அது இல்லாதபோது மற்ற இரண்டு செலவுகளும் மையத்தின் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. 2019 முதல் கானாவில் தடுப்பூசிகளை டிரோன்களும் கொண்டுபோய் இறக்குகின்றன, அதைப் படமெடுக்க வராத தொலைக்காட்சி இல்லை. செவிலியர் தன் கைக்காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

தாய்மாரின் செலவும் அப்படியே. ஊசி இலவசம். ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்துக் கட்டணமும் சந்தை நாளில் இழந்த வியாபாரமும் இலவசமல்ல. கையிருப்பு இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த முறை அதே செலவைச் செய்யத் தயங்குவதில் என்ன குற்றம்?

பிசிஜி குப்பியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு குப்பியில் 20 டோஸ்; கரைசலில் கலந்துவிட்டால் 6 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று பிரசவங்களே நடக்கும் சிறு மையத்தில் ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தால் வீணாக்கல் விகிதம் மிக மோசமாகத் தெரியும். குழந்தைகள் சேரும்வரை காத்திருந்தால் பிறந்தவுடன் போட வேண்டிய ஊசி வாரக்கணக்கில் தள்ளிப்போகும். நிதி நெருங்கிய காலத்தில் மேலிருந்து வந்த அறிவுரை சிக்கனம். சிக்கனத்தின் விலையை ஏதோ ஒரு கிராமத்துப் பச்சிளங்குழந்தை கொடுக்கிறது என்பதால் அது யாருடைய செலவுப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

தேவையைக் கணக்கிடும் முறையிலும் சிக்கல் இருந்தது. மொத்த மக்கள்தொகையில் 4 சதவீதம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று கொள்வது கானாவின் வழக்கம். 2021 கணக்கெடுப்பின்படி 3 கோடியே 8 லட்சம் பேர். விதிப்படி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். உண்மையில் பிறப்புகள் அதைவிடக் குறைவு என்றே ஐ.நா. மதிப்பீடுகள் காட்டுகின்றன. கூடுதலாகக் கேட்டால்தான் குறைத்துக் கொடுக்கும்போது சரியாக இருக்கும் என்று திட்டத்தினரும், எப்படியும் கூட்டித்தான் கேட்கிறார்கள், குறைத்துக் கொடுப்போம் என்று நிதியினரும் எண்ணும் பழக்கத்துக்கு இந்த 4 சதவீதம் வசதியாக இருந்தது. இருவருமே புத்திசாலிகள், இருவருடைய புத்திசாலித்தனமும் சேர்ந்து யாராலும் நம்ப முடியாத ஓர் எண்ணை உருவாக்கியது.

நாடு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யும் எண்ணும் விசித்திரமானதே. கேவியின் இணைநிதி விகிதம் தலா தேசிய வருமானத்தைப் பொறுத்தது. மிகக் குறைந்த வருமான நாடுகள் டோஸுக்கு 20 சென்ட் கட்டினால் போதும். வருமானம் ஏற ஏறப் பங்கு ஏறி, இறுதியில் முழு விலையையும் ஏற்க வேண்டும். 2010 நவம்பரில் கானா தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை 1993-லிருந்து 2006-க்கு மாற்றியபோது பொருளாதாரத்தின் அளவு ஒரே அறிவிப்பில் 60 சதவீதத்துக்கும் மேல் கூடியது. நாடு கீழ்நடுத்தர வருமான வகைக்கு உயர்ந்தது. அன்று மாலை கருவூலத்தில் ஒரு செடியும் கூடுதலாக இல்லை. கணக்கு முன்னைவிடச் சரியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வருமானம் வளர்வதும் வரி வசூல் வளர்வதும் வேறு வேறு. இணைநிதியோ முதலாவதைப் பார்த்துக் கேட்கப்பட்டு இரண்டாவதிலிருந்து கட்டப்படுகிறது.

2030-ஐ ஒட்டி கானா கேவி உதவியிலிருந்து விடைபெற வேண்டும் என்பதே திட்டம். அதற்கிடையில் 2025-இல் அமெரிக்க உதவியின் பெரும்பகுதி நின்றது. அந்த ஜூனில் பிரஸ்ஸல்ஸில் நடந்த கேவி நிதிதிரட்டு மாநாட்டில் 1,190 கோடி டாலர் இலக்குக்கு 900 கோடியைச் சற்றுத் தாண்டியே உறுதிமொழி கிடைத்தது. ஆகஸ்டில் அக்ராவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் சுகாதாரத்தில் தன்னாட்சி பற்றிப் பேசினார்கள். பேச்சை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காப்பீட்டு நிதி மீதான உச்சவரம்பை நீக்கியது பேச்சோடு நிற்காத செயல். ஆனால் கூடுதல் பணம் எந்தக் காலாண்டில் டாலராக மாறும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

என் பரிந்துரைகளில் முதன்மையானது மிக எளியது: ஆண்டுத் தொகையை மட்டும் வெளியிடாமல், ஒவ்வொரு தடுப்பூசிக்கும் எந்த மாதத்துக்குள் எவ்வளவு டாலர் கொள்முதல் கணக்கில் சேர வேண்டும், சேர்ந்ததா என்று ஒரு மாத அட்டவணையை, மலிவான பழைய தடுப்பூசிகளை முதல் வரிசையில் வைத்து, நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அட்டவணையில் சிவப்பு ஏறினால் கடிதம் எழுத உள்நாட்டிலேயே ஒருவர் இருப்பார். கருவூலப் பணியில் தலை நரைத்த ஓர் அதிகாரி இதைப் பொறுமையாகக் கேட்டார். “டாக்டர், போன மாதம் ஒருவர் வந்து காசநோய் மருந்துக்கு இதையே கேட்டார். அதற்கு முந்தைய மாதம் பள்ளிச் சத்துணவுக்கு ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் முதல் வரிசை கொடுத்துவிட்டால் வருவாய் குறையும் மாதத்தில் நான் எதை நிறுத்துவது? அதையும் உங்கள் அறிக்கையில் எழுதித் தாருங்கள்” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆண்டுக்குத் தேவைப்படும் பழைய தடுப்பூசிகளின் மொத்த விலை அவருடைய மாதச் சம்பளப்பட்டியலுக்கு முன்னால் எவ்வளவு சிறியது என்பதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அவர் அதை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, சிறியதாக இருப்பதால்தான் அதை நிறுத்துவது எளிதாக இருக்கிறது என்றார்.